மறுமுனையைப் பிடித்தவள்

பட்டுச் சேலையை ஒரே ஆளும் மடித்துவிடலாம். மேசைமேல் விரித்து, முழங்கையால் அழுத்தி, எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளிக்கு அது பிடிக்காது. ஒருத்தர் மடித்தால் மடிப்பு கோணலாகத்தான் விழும் என்பார். ஆகவே எங்கள் கடையில் பிரித்துக் காட்டிய சேலையைத் திரும்ப மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருத்தி மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். இழுத்து உதறிவிட்டு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து நடுவில் சந்திப்போம். அவள் கையில் இருக்கும் முனை என் கைக்கு வரும். நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டது இந்த நடையில்தான்.

எனக்கு மறுமுனையைப் பிடித்தவளுக்கு என் வயதுதான். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய அத்தா தமிழ்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். நான் ரப்பர் தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்குக் குடிவந்த குடும்பத்தில் பிறந்தவள். காலையில் கிள்ளானில் நான் ரயில் ஏறினால், வழியில் சுங்கை வே பக்கம் அவள் ஏறுவாள். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துவைத்திருப்பேன். அதற்காகப் பலரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன், பதிலுக்கு முறைத்தும் இருக்கிறேன். எனக்கு மூக்கின்மேல் கோபம். அவளுக்கு வாய் ஓயாது. முதலாளி எங்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்திப் பார்த்தார். பிரித்தால் வியாபாரம் மந்தமாகிறது என்று மறுபடியும் ஒரே இடத்தில் விட்டுவிட்டார்.

ஆங்கிலத்தோடு எனக்குப் பழைய பகை. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். தமிழிலும் மலாயிலும் சண்டை போடத் தெரியும். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாது. வாடிக்கையாளர் யாராவது ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் "யெஸ் மேடம், கேன் மேடம்" என்று சிரித்துவிட்டு அவளைத் தேடி ஓடுவேன். அவளும் ஒன்றும் பெரிய புலி இல்லை. தப்பாகப் பேச வெட்கப்பட மாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளை பெற்று, தலையில் ஒன்றிரண்டு நரையும் வந்த பிறகு எதற்கு ஆங்கில இலக்கணம் என்று கேட்டால், தீபாவளிக்காக என்றுதான் சொல்வேன். தீபாவளிக்கு முதல் நாள்தான் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரவிக்கைத் துணி ஞாபகம் வரும். பாதிப் பேர் மழையில் நனைந்துகொண்டு வந்து நிற்பார்கள். கடையை அடைத்து நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். பக்கத்து வீட்டு ஆன்டி சுட்டுக் கொடுத்த முறுக்கு டின்னில் இருக்கும். விடிந்து மகளுக்கு எண்ணெய் தேய்க்க எழுந்தால் எனக்குக் கண்ணே திறக்காது. ஒரு வருடம் மகள், கோபமே இல்லாமல், வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அம்மா, தீபாவளி உங்க கடைக்கு மட்டும்தான் வருமா? நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரும்?"

அடம்பிடித்துக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். இப்படிக் கேட்டதால் என்னால் அதை மறக்கவே முடியவில்லை.

அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தால் பண்டிகைக்கு விடுமுறை; முதல் நாளும் லீவு போட்டுக்கொள்ளலாம். எங்கள் பேச்சில் அது கிராணி வேலை. அதற்கு முதலில் கணினியில் ஒரு தேர்வு. அதில் ஆங்கில இலக்கணமும் சொல் வளமும் ஒரு பெரும்பகுதி. தேறினால் நேர்முகம். அங்கே நாலைந்து பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்வார்கள். இருக்கிற இடமோ கொஞ்சம், போட்டி போடுகிறவர்களோ ஊர்ப்பட்ட பேர்.

விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ரயிலில் சொன்னதும் அவள், "அப்போ நானும் போடுறேன் லா" என்றாள்.

"உனக்கு எதுக்குடி?"

"ஏன், உனக்கு மட்டும்தான் வீடு இருக்கா? பெருநாளுக்கு மொத நாளு நான் எங்க நிக்கிறேன்னு நீ பாக்கலையா?"

பார்த்திருக்கிறேன். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் எங்கள் கடையில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கைத் தைத்தபடியே வாங்கக் கூட்டம் நெரியும். மாதம் முழுக்க நோன்பிருந்தவள், அந்தக் கடைசி நோன்பைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு பேரீச்சம்பழமும் ஒரு வாய்த் தண்ணீருமாகத் திறப்பாள். முதலாளியும் முஸ்லிம்தான், அவரும் அங்கேதான் திறப்பார்; ஆனால் அது அவருடைய கடை. அவளுடைய அம்மா வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆக, எங்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். அவரவர் பண்டிகைக்கு முதல் நாள் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் வராத நேரம் ஒன்று உண்டு. காலையில் பிரித்துக் காட்டிய சேலைகள் மேசைமேல் மலையாகக் கிடக்கும். அதை மடிக்கும்போதுதான் எங்கள் வகுப்பு. விதிகளை அவள்தான் போட்டாள். சேலையை உதறும்போது ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும். முனைகள் நடுவில் சேருவதற்குள் இன்னொருத்தி முழு வாக்கியத்தில் பதில் சொல்லி முடிக்க வேண்டும். தப்பு வந்தால் இருவரும் பின்னோக்கி நடந்து பழைய இடத்துக்குப் போக வேண்டும். சரியா தப்பா என்பதைக் கைப்பேசியில் இருந்த பயிற்சி வினாக்களை வைத்து முடிவு செய்வோம். முதல் மாதம் ஒரு சேலையை மடிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணமே முடிந்திருக்கும்.

"ரெண்டு பேரும் சேலை மடிக்கிறீங்களா, பல்லாங்குழி ஆடுறீங்களா?" என்று முதலாளி கேட்பார். நாங்கள் நடந்துகொண்டே இருப்போம்.

நிகழ்காலம், இறந்தகாலம் எல்லாம் சேலையிலேயே வந்துவிட்டது. மடிக்கிறேன், மடித்தேன், மடித்திருக்கிறேன், மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். 'அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்று வருகிற நீள வாக்கியம்தான் எனக்கு வணங்கவே இல்லை. அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். காலையில் வந்துபோன வாடிக்கையாளரையெல்லாம் அதில் போட்டுப் பேச வேண்டும். அந்த ஆன்டி முதலில் காட்டிய பச்சையையே எடுத்திருந்தால் நாம் இத்தனை சேலையைப் பிரித்திருக்க மாட்டோம். அவர் மகளை அழைத்து வராமல் இருந்திருந்தால் இந்நேரம் நாம் டீ குடித்திருப்போம். எனக்கு இருந்த எரிச்சலுக்கு இந்த இலக்கணம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது, மளமளவென்று வந்துவிட்டது.

புதுச் சொற்களையும் ஆட்களின் மேல்தான் ஒட்டி வைத்தோம். மனைவி சேலை பார்க்க, வாசலில் பைகளோடு நிற்கும் கணவருக்கு 'ரிலக்டன்ட்'. விலையில் ஐந்து வெள்ளி குறைக்காமல் நகர மாட்டேன் என்பவருக்கு 'பெர்சிஸ்டன்ட்'. ஒரு நாள், வெள்ளை முடியைக் கொண்டை போட்ட ஓர் அம்மா வந்தார். அலமாரி முழுக்க இறக்கச் சொல்லிவிட்டு எதிலும் மனம் வைக்கவில்லை. எதிரிலேயே நான் அவளிடம், "இன்டிஸைஸிவ்" என்று முணுமுணுத்தேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில், நான் முடிவெடுக்கத் தெரியாதவள் இல்லை பெண்ணே, பார்த்துப் பொறுக்கி எடுப்பவள் என்றார். நான் குனிந்து சேலையை அடுக்கத் தொடங்கினேன். அவளோ கொஞ்சமும் அசராமல், "தேங்க் யூ ஆன்டி, 'செலக்டிவ்', நல்ல வேர்டு லா" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். இரண்டு சேலை எடுத்தார். எதற்கு இந்தச் சொற்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போகும்போது எங்கள் இருவருக்கும் தேர்வுக்கு வாழ்த்தும் சொன்னார்.

முதல் வருடம் கணினித் தேர்வில் நான் தேறினேன், அவள் தேறவில்லை. நேர்முகத்துக்குத் தனியாகப் போனேன். போய், மேசைமுன் உட்கார்ந்து, வாயைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. கடையில் நடந்து நடந்து சொன்ன அத்தனை வாக்கியமும் எங்கே போனதோ தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஐ அக்ரீ" என்று இரண்டு முறை சொன்னதாக ஞாபகம். அந்தத் தீபாவளிக்கு முதல் நாளும் வழக்கம்போல ரவிக்கைத் துணிதான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூளை இல்லை, இதெல்லாம் எனக்கு வராது என்று ரயிலில் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஏய், கையில துணி இல்லாம நீ இங்கிலீஷ் பேசி நான் பாத்ததே இல்ல."

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். எனக்கு ஆங்கிலம் கை வழியாகத்தான் ஏறியிருந்தது. இழுத்து, உதறி, நடந்தால் வாக்கியம் தானாக வரும். கை சும்மா இருந்தால் வாயும் சும்மா இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் ஆங்கிலம் படித்துத் தோற்றிருப்பார்கள். சேலை இல்லாததால் தோற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருவரும் ரயிலிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம். எதிரில் இருந்த சீனத்துப் பாட்டி எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அதன்பிறகு ரயிலில் வெறுங்கையோடு பேசிப் பழக வைத்தாள். அரைகுறையாக வந்தது. அடுத்த முறை இருவரும் ஒரே நாளில், அடுத்தடுத்து உட்கார்ந்து விண்ணப்பித்தோம். கணினித் தேர்வில் இருவருமே தேறினோம். எண்கள் அடுத்தடுத்து இருந்ததால் நேர்முகத்திலும் ஒரே குழுவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மேசையில் அவளும் எனக்குப் போட்டி, நானும் அவளுக்குப் போட்டி.

நகரத்துக்குள் கார்களைக் குறைக்க வேண்டுமா என்பது தலைப்பு. எங்களோடு இருந்த ஓர் இளைஞன் வானொலியில் செய்தி வாசிப்பவன்போல ஆரம்பித்தான். அடுத்து அவள் பேசினாள், நன்றாகவே பேசினாள். அடுத்தது நான். வாயைத் திறந்தேன். போன வருடம் வந்த அதே வெறுமை வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரில் இருந்த மூன்று அதிகாரிகளும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது என் கையில் துணி பட்டது. அவள் பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவின் ஒரு முனையை எடுத்து, என் பக்கம் திரும்பக்கூடச் செய்யாமல், என் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு விரல்களால் ஓரத்தைச் சேர்த்து ஒரு மடிப்பு மடித்தேன். முதல் வாக்கியம் வந்தது. நான் தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறேன் என்றேன். இன்னொரு மடிப்பு. ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் கார் வாங்கியிருக்க மாட்டார்கள் என்றேன். செய்தி வாசித்த இளைஞன் மறுத்துப் பேசினான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் ஒருவரோடு சண்டை போட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது.

நடுவில் அந்த அதிகாரிகளில் ஓர் அம்மா பேனாவை வைத்துவிட்டு, உங்கள் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அது என் துப்பட்டா மேடம், நாங்கள் துணிக்கடையில் ஒன்றாக வேலை செய்கிறோம், கையில் துணி இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும், நான்தான் கொடுத்தேன் என்றாள். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார், தொடர்ந்து பேசச் சொன்னார். அவர் எழுதியது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும் படியிலேயே அவளைப் பிடித்துக் கத்தினேன். "ஏன்டி அப்படிச் சொன்னே? உன் மார்க்கைக் குறைச்சிருவாங்க!"

"பொய் சொல்லச் சொல்றியா? பசிக்குது, வா சாப்பிடலாம்" என்றாள்.

முடிவு வந்தபோது கடையில் இருந்தோம். அவசரக்காரி, என் எண்ணைத்தான் முதலில் தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் போட்ட கூச்சலில், உடுத்திப் பார்க்கும் அறையில் இருந்த அம்மா பாதி உடுத்திய சேலையோடு எட்டிப் பார்த்தார். பிறகு தன் எண்ணைத் தட்டினாள். அதை இரண்டாம் தடவையும் தட்டினாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொழ நேரமாகிவிட்டது என்று மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "வா, அந்தச் செவப்பை மடிப்போம்" என்றாள். அன்று ஆங்கிலம் இல்லாமலே மடித்தோம்.

துப்பட்டாவால்தான் அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அதெல்லாம் இல்ல லா. நான் கடைசியா பேசும்போது உளறிட்டேன்" என்பாள். உளறியதாக எனக்கு நினைவில்லை. எது உண்மையாக இருந்தாலும், பயத்தில் வாயடைத்துப்போன ஒரு போட்டியாளரை அப்படியே விட்டிருந்தால் அவளுக்கு ஒரு போட்டி குறைந்திருக்கும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளி. அதற்கு முதல் நாள் மத்தியானம் கடைக்கு வந்து ஒரு கை கொடுக்கிறேன் என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் ஒரே இரைச்சல். "இந்தப் பக்கம் வந்தே, காலை உடைப்பேன். புள்ளயோட இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருந்தேன். நானும் மகளும் முறுக்குப் பிழிந்தோம்; வட்டமாக ஒன்றும் வரவில்லை. வெளியூருக்கு லோரி ஓட்டிப் போய்த் திரும்பிய என் கணவர் அதைப் பார்த்து, இது என்ன ரோடு மேப்பா என்று கேட்டார். விடிந்ததும் மகள் தலையில் எண்ணெய் வைத்தேன். இந்தக் காலையை எனக்குக் கொடுத்தவள் நேற்று நின்றபடியே சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். ஓய்வு நாட்களில் கைப்பேசியில் பயிற்சி செய்கிறோம். ஆனால் முடிவு வருவதற்கு முன்பே நோன்பு மாதம் வந்துவிட்டது. பெருநாள் நெருங்கியபோது அவளுக்குத் தெரியாமல் முதலாளியைப் போய்ப் பார்த்தேன்.

"பாஸ், பெருநாளுக்கு மொத நாளு அவளை மத்தியானமே அனுப்பிடுங்க. அவ இடத்துல நான் நிக்கிறேன்."

"நீ அரசாங்க ஆளு. உனக்கு நான் சம்பளம் குடுக்கலாமா?"

"குடுக்கக் கூடாது பாஸ். சும்மாதான் நிக்கிறேன்."

அவர் தாடியைத் தடவினார். "இதை நானே யோசிச்சிருக்கணும்" என்றார்.

அன்று லீவு போட்டுவிட்டுப் போய்க் கடையில் நின்றேன். விஷயம் தெரிந்ததும் அவள் என்னோடு சண்டை போட்டாள். கடை நிறையக் கூட்டம், எல்லார் முன்னாலும். அவள் பையை எடுத்து அவள் கையில் திணித்து, "ரயில் போயிடும், போடி" என்று வெளியே தள்ளிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓடினாள்.

மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு கைப்பேசியில் அழைத்தாள், முகம் தெரிகிற அழைப்பு. தரையில் பாய், பாயில் தட்டுகள், கஞ்சி, அவளுடைய அத்தா, பக்கத்தில் அம்மா. எல்லாவற்றையும் காட்டினாள். எப்போதும் வாய் ஓயாதவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏதாவது பேசுடி" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்போது பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டது, அவள் வீட்டிலும் எங்கள் கடையிலும் ஒரே நேரத்தில். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் தண்ணீரை எடுத்தார். அங்கே அவளுடைய அம்மா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல அவள் வாயில் வைத்தார். அவள் அழுதுகொண்டே மென்றாள். நானும் அழுதேன்.

"தங்கச்சி, இந்த நீலத்துல பெரிய சைஸ் இருக்கா?" என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"இருக்கு அக்கா, இதோ வரேன்" என்றேன்.